எந்தப் பக்கம் வலி

— அதான் சொல்றேன் தம்பி, ஒருத்தர்தான் உள்ள போகலாம்னு உங்க போர்டுல எழுதியிருக்கு. சரி, ஒத்துக்கறேன். அந்த ஒருத்தர் யாருன்னு எழுதல. அப்ப யாரு? கட்டின புருஷன். இதுக்குச் சட்டம் படிச்சிருக்க வேண்டாம், பொதுப் புத்தி போதும்.

— சார், புத்தியெல்லாம் உள்ள இருக்கற டாக்டருங்களுக்கு. எனக்கு பாஸ் மட்டும்தான் தெரியும். பாஸ் யார் கழுத்துல தொங்குதோ அவங்களை விடுவேன். அது உங்க பொண்ணு கழுத்துல தொங்குது.

— அவ கழுத்துலேருந்து என் கழுத்துக்கு மாறினா?

— தாராளமா நீங்க போங்க. நானா பிடிச்சு வச்சிருக்கேன்? நேத்துலேருந்து இதையே விதவிதமா கேட்டுட்டீங்க. நீங்க ஜட்ஜா சார்?

— வக்கீல். எங்க குடியிருப்புல ஜட்ஜ்னு கூப்பிடுவாங்க. நிஜ ஜட்ஜா யாரும் ஆக்கல.

— ஆக்கியிருந்தா கேஸ் எதுவும் முடிஞ்சிருக்காது சார், கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கதவைச் சாத்தணும். அதுக்குள்ள அப்பாவும் பொண்ணும் பேசி முடிச்சுக்குங்க. அதோ வர்றாங்க பாருங்க.

— வா ஜூனியர். என்ன சொன்னாங்க?

— அதேதான்ப்பா. காய்ச்சல் இறங்கல. பித்தப்பை வெடிச்சு வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்துச்சு, கழுவி எடுத்திருக்கோம், இன்னிக்கு ராத்திரியைத் தாண்டிட்டா பாக்கலாம்ங்கறாங்க. மூச்சு விட வாய் வழியா குழாய் போட்டாங்களே, நேத்துலேருந்து அதை எடுக்கவே இல்ல. உதடெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு. பஞ்சை நனைச்சுத் துடைச்சு விட்டேன்.

— சரி, பாஸைக் கழட்டு. நான் போய் பாத்துட்டு வரேன்.

— உக்காருங்கப்பா.

— உக்காந்து உக்காந்து இந்த நாற்காலிக்கே என் முதுகு மாதிரி கூன் விழுந்துடுச்சு. கொடு.

— ஒரு கேஸ் இருக்குப்பா. அதைக் கேட்டுட்டுப் போங்க.

— இப்பவா?

— கேஸுன்னா தூக்கத்துலகூட எழுந்து உக்காருவீங்களே. கொஞ்சம் கேளுங்க.

— யாரோட கேஸ்? அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கை அம்மாவா? அவங்க மருமக காலையில இங்கதான் உக்காந்து மூக்கைச் சிந்திட்டிருந்தா.

— பேர் சொல்ல மாட்டேன். பேர் தெரிஞ்சா தீர்ப்பு சாயும்னு நீங்கதானே சொல்வீங்க.

— ஆமா, அது சரி. அந்தத் தண்ணி ஒழுகற தகராறுலகூட நான் பேர் கேக்கல. மாடியில இருக்கறவர், கீழ இருக்கறவர், அவ்வளவுதான். மாடியில இருக்கறவர்தான் சரி பண்ணித் தரணும்னு தீர்ப்பும் சொல்லிட்டேன். அப்புறம் பாத்தா மாடியில இருக்கறவர் நான்தான். ஒழுகினது நம்ம குளியலறை.

— அம்மா அன்னிக்கு எப்படிச் சிரிச்சாங்க.

— ரெண்டு நாள் சிரிச்சா. ஆனா நான் சொன்ன தீர்ப்பை மீறினேனா? கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிக் கொடுத்தேன். சொல்லு, உன் கேஸ் என்ன?

— ஒரு அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. அவங்களைப் பாக்க ஒருத்தர் வந்து வெளிய காத்துக்கிட்டிருக்கார். அவர் உள்ள வர வேண்டாம்ங்கறாங்க அந்தம்மா.

— உறவா?

— நெருங்கின உறவு.

— சுய நினைவோட சொன்னாங்களா?

— ம். மத்தியானம் கொஞ்சம் தெளிவா இருந்தப்ப சொன்னாங்க.

— அப்ப இதுல விசாரிக்க என்ன இருக்கு? உடம்பு அவங்களோடது. வேண்டாம்னா வேண்டாம்தான். அது புருஷனோ பிள்ளையோ, வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

— காரணம் சொல்லணுமா?

— சொல்லணும்னு அவசியமே இல்ல. நம்ம வீட்டுக் கதவைத் திறக்காததுக்கே யாருக்கும் காரணம் சொல்றதில்ல. நோயில கிடக்கறவங்க எதுக்குச் சொல்லணும்?

— வந்தவர் நல்லவர்ப்பா. அடிச்சதில்ல, குடிச்சதில்ல, வீட்டுக்குன்னு எந்தக் குறையும் வச்சதில்ல.

— நல்லவர்ங்கறதுக்காக உள்ள விட்டுடணுமா? எந்தச் சட்டத்துலயும் அப்படிக் கிடையாது. வலியில துடிக்கறவங்க முன்னாடி போய் இது என் உரிமைன்னு நிக்கறவன் மனுஷனே இல்ல.

— அப்ப தீர்ப்பு?

— அவர் வெளியதான் இருக்கணும். இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன், பழக்கதோஷம். ஏன் வேண்டாங்கறாங்களாம்?

— அவர் வந்தா கேள்வி கேப்பாராம்.

— கேள்வியா? என்ன கேள்வி?

— அந்தம்மாவுக்கு ரொம்ப நாளா வயித்துவலி. முதல்ல சொன்னப்ப எந்தப் பக்கம்னு கேட்டார். வலப்பக்கம்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சு முதுகுல வலிக்குதுன்னாங்க. அப்புறம் ஒருநாள் தோள்பட்டைன்னாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டார். அதையும் மாத்தி மாத்திச் சொல்லிட்டாங்க. சாட்சி முன்னுக்குப்பின் முரணா இருக்கு, நிஜ வலி இடம் மாறாதுன்னு சொல்லிட்டு, பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டார்.

— அப்புறம் அந்தம்மா?

— அதோட அவங்க சொல்றதையே நிறுத்திட்டாங்க. அந்த வலி இடம் மாறுமாம்ப்பா. டாக்டர் சொன்னார். வலப்பக்கம் ஆரம்பிச்சு முதுகுக்குப் போய் தோளுக்கு ஏறுமாம். இந்த நோய்க்கு அடையாளமே அதுதானாம். அந்தம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.

— ஜூனியர்.

— சொல்லுங்கப்பா.

— இது பக்கத்துப் படுக்கை கேஸ் இல்ல.

— இல்ல.

— மாடியில இருக்கறவர் நான்தான்.

— ஆமாப்பா.

— நான் அவளை மடக்கணும்னு கேக்கலம்மா. எங்க வலிக்குதுன்னு சரியாத் தெரிஞ்சாத்தானே சரியான டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக முடியும்.

— கூட்டிட்டுப் போனீங்களா?

— இல்ல.

— ஏன்?

— நிரூபணம் ஆகலன்னு விட்டுட்டேன்.

— வலியை எப்படிப்பா நிரூபிக்கறது?

— அவ கத்தியிருக்கலாமே. ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம்.

— குரலை உசத்தினா வாதம் ஆயிடாதுன்னு சொல்வீங்க. நான் வளர்ந்ததே அதைக் கேட்டுத்தான்.

— சொல்லியிருப்பேன்.

— உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னா அம்மா சமையலறையில நின்னு ஒத்திகை பாப்பாங்க. தெரியுமா உங்களுக்கு? நானே கேட்டிருக்கேன். தங்கச்சி வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரணும், அதுக்கு முதல் காரணம், ரெண்டாவது காரணம்னு பாத்திரம் கழுவிக்கிட்டே முணுமுணுப்பாங்க. அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு உங்க முன்னாடி வந்து நிப்பாங்க. வந்ததும் சொல்ல வந்ததெல்லாம் மறந்து போயிடும்.

— கனம் கோர்ட்டார் அவர்களேன்னு ஆரம்பிப்பா. விளையாடறாள்னு நினைச்சேன்.

— விளையாட்டுதான். பயம்னு சொல்ல முடியாதவங்க வேற என்ன பண்ணுவாங்க?

— நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— எனக்கும் அலுத்துப் போச்சுப்பா. காய் நறுக்கும்போது மேடையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க. என்னம்மான்னா, கால் மரத்துப் போச்சும்பாங்க. கால் இல்லன்னு எனக்குத் தெரியும். வந்து சொன்னா, நீ பாத்தியா, இல்ல அவ சொல்லிக் கேட்டியான்னு ஆரம்பிப்பீங்க. கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து உங்க கூண்டுலயும் ஏறி நிக்க எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். நானும்தான் விட்டேன்.

— உன்னை யாரும் குத்தம் சொல்லலம்மா.

— சொல்லுங்களேன். யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

— இந்தக் கேஸை நான் எடுத்திருக்கவே கூடாது. சொந்தக் கேஸ். வேற யாராவது விசாரிக்கணும்.

— வேற யார் இருக்காங்க?

— அப்பீலாவது?

— யார்கிட்ட போவீங்க? அந்த வாசல்ல இருக்கறவர்கிட்டயா?

— கூப்பிட்டீங்களா சார்?

— இல்ல தம்பி.

— சாத்தற நேரம் ஆயிட்டிருக்கு. யார் போறதுன்னு இன்னும் முடிவாகலையா?

— ஆயிட்டு இருக்கு. ஜூனியர், இங்க பாரு. நான் எதுவும் கேக்க மாட்டேன். வாயே திறக்க மாட்டேன். அவ கால்மாட்டுல கண்ணுக்குத் தெரியாத இடமாப் பாத்து நின்னுட்டு வந்துடறேன்.

— அங்க அப்படி ஒரு இடம் இல்லப்பா.

— அவ தூங்கிட்டிருக்கும்போது?

— அப்பா, நீங்கதானே இப்ப சொன்னீங்க. வேண்டாம்னா வேண்டாம்தான்னு.

— சொன்னேன். சொன்னேன்தான். சரி, இடது கைக்கு அடியில ஒரு தலையணை வைக்கச் சொல்லு. அது இல்லன்னா அவளுக்குத் தூக்கம் வராது. அங்க இருக்கறவங்களுக்கு இது தெரியுமா?

— தெரியாது.

— நர்ஸ்கிட்ட சொல்லிடு. சின்னதா இருந்தாலும் போதும். அப்புறம் பாதம் சில்லுனு இருந்தா போத்தி விடச் சொல்லு. கேட்டா வேண்டாம்பா. கேக்காம போத்தணும்.

— இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

— கூடவே இருந்திருக்கேனே. நீ சின்னப் பிள்ளையில ஒரு கண்ணாடி ஜாடியை உடைச்சியே, ஞாபகம் இருக்கா?

— விசாரணை வச்சீங்க. என்னை ஸ்டூல் மேல ஏத்தி நிக்க வச்சு.

— உங்கம்மா சாட்சி. பூனை தட்டி விட்டுடுச்சுன்னா. நம்ம வீட்ல பூனையே கிடையாது.

— நம்ம தெருவுலயே கிடையாது.

— எந்தப் பூனைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சாட்சி அங்கயே கவுந்திருக்கும். நான் கேக்கல.

— ஏன்ப்பா?

— நீ ஸ்டூல் மேல நடுங்கிட்டிருந்தே. அவ உன் காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. கேக்க மனசு வரல. சந்தேகத்தின் பலனை உனக்குக் கொடுத்து விடுதலை பண்ணிட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு பேரும் என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அப்படியே இருந்திருக்கலாம் நான்.

— அப்பா.

— நீ போம்மா. தீர்ப்பு சொன்னவன் நான், மீற மாட்டேன். நான் இங்கயே உக்காந்திருக்கேன். வேண்டாம்னவளுக்கும் ஒரு நாள் மனசு மாறலாம். மாறினா வந்து சொல்லு.

— இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?

— ஆயிடுச்சுன்னா, நான் பாக்காமலே போயிடுவா. அது அவ இஷ்டம்.

— சார், சாத்தப் போறேன். யாராவது ஒருத்தர் வாங்க.

— இதோ இவ வர்றா தம்பி. போ ஜூனியர், நிக்காதே.

— நீங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையேப்பா.

— என்ன கேக்கணும்?

— அம்மா எப்படிச் சொன்னாங்க, என்ன வார்த்தையில சொன்னாங்க, பக்கத்துல யார் இருந்தாங்க. எப்பவும் கேப்பீங்களே.

— தோணிச்சு. அம்மாவோட கேஸ்தான்னு தெரிஞ்சதுமே ஒரு கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

— கேளுங்க.

— வேண்டாம்மா. நீ சொன்னே, நான் நம்பறேன். அவ சொன்னப்ப நம்பியிருக்கணும். உன்னையாவது நம்பறேன்.

— ஐயோ அப்பா, கேளுங்கன்னு சொல்றேன்ல.

— ஏன் அழறே? பாஸை எதுக்கு என் கழுத்துல மாட்டறே?

— வாயில குழாய் வச்சிருக்கறப்ப உங்கம்மா எப்படிப் பேசியிருக்க முடியும்னு கேளுங்கப்பா.