முக்காலி இருந்த இடம்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறாது, சேர். கண் தெரியாத ஆள் இருக்கிற வீட்டில் அதுதான் முதல் ஒழுங்கு. கதிரைக்கும் முக்காலிக்கும் நிலத்தில் நானே நாடா ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன்.

என் மனைவி உஷாந்திக்கு விழித்திரை பழுதாகி ஒன்பது வருடம். முதலில் என் கையைப் பிடித்துத்தான் நடந்தாள். பிறகு வெள்ளைத்தடியோடு வெள்ளவத்தைச் சந்தைக்குத் தனியே போய் மீன் வாங்கி வந்தாள். அன்றைக்குத்தான் முக்காலியை முதன்முதலாக நகர்த்தினேன். இரண்டடிதான். விழுந்தாள். மருந்து கட்டினேன். ஒரு கிழமை என் தோளை விடவில்லை. அதன்பின் மாதம் ஒருமுறை போதுமாயிருந்தது.

காயங்களுக்குக் கதவைக் காரணம் சொல்வேன். கொழும்பிலேயே பொல்லாத கதவு உங்கட வீட்டுக் கதவுதான் என்பாள் கீழ்வீட்டு பலீலா. நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் ஒரு கிளினிக்கில் ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்த்தார்கள். யாரோ கொடையாளியின் ஸ்டெம் செல்லில் வளர்த்த விழித்திரைக் கலங்களைக் கண்ணுக்குள் வைப்பார்களாம். பலன் நிச்சயமில்லை என்று டொக்டர் சொன்னார். அதனால்தான் சம்மதித்தேன்.

கலங்களை வைத்த பிறகு, தினமும் காலையில் கட்டம் போட்ட தாளைக் காட்டி, அவள் சொல்வதை நான் எழுதவேண்டும்.

"ஏதும் தெரியுதோ?"

"இல்லையப்பா."

மூன்று மாதம் 'இல்லை' என்றே எழுதினேன்.

போன செவ்வாய் முக்காலியைக் குசினி வாசலில் வைத்தேன். தேத்தண்ணியோடு வந்தவள் நின்றாள். முக்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"இது நான் பாக்கிற மூண்டாம் தரம்," என்றாள். "கலங்கலாத்தான் தெரியுது. ஆனா நீங்கள் குனிஞ்சு வைக்கிறது தெரியுது. பின்னேரம் என்ர தம்பி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான்."

முக்காலியைத் தூக்கினேன். தேக்கு, நல்ல பாரம். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். ஒன்பது வருடத்தில் முன்கூட்டியே அவள் தடுத்தது அதுதான் முதல் தடவை. மணிக்கட்டு முறிந்தது. அடுத்தது நெற்றியில். மிச்சமெல்லாம் கண்களில். ஏழோ எட்டோ, நினைவில்லை. பிறகு நிலத்தைத் துடைத்து, முக்காலியை அதன் நாடாவின் மேல் வைத்தேன். நீங்கள் வந்தபோதும் அங்கேதான் இருந்தது.

வாக்குமூலத்தில் நான் கொன்றேன் என்று எழுதுங்கள், சேர். அவள் என்னை வெறுத்தாள் என்று மட்டும் எழுதவேண்டாம். அப்படிப் பார்த்தது யாரோ ஒருவரின் கலங்கள். உஷாந்தி தன் சொந்தக் கண்ணால் என்னில் ஒரு குறையும் கண்டதில்லை.