வண்டுகளுக்கான இரை

நான் பரங்கிக்காய் சாப்பிடுவதில்லை. ஸ்டேஷனில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தினமும் டைரி எழுதுகிறவன்தான். ஆனாலும் எதையும் சரியான இடத்தில் தொடங்குகிறேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

கடலூரில் ஒரு தனியார் பூச்சிப் பண்ணையில் வேலை. பரங்கிக்காய்களில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தின்ன ஆஸ்திரேலியப் பொறிவண்டுகளை விடுவோம். மாவுப்பூச்சி பஞ்சுபோல அப்பிக்கொண்டு காயை உறிஞ்சும். பிசுபிசுவென்று கழியும், அதன்மேல் கருப்பாகப் பூஞ்சணம் படரும். நசுக்கினால் விரலில் ஒட்டும் சாறு சோப்புக்கும் போகாது. வண்டு அப்படியில்லை. துவரம்பருப்பைவிடச் சிறியது, ஆரஞ்சுத் தலை, சுத்தமானது.

மாலையில் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவேன். அங்கிருந்து கிள்ளை போகும் சாலையில் லோகநாயகி அக்காவின் கொய்யாத்தோப்பு. புருஷன் இல்லாதவர்; தோப்புதான் சோறு. 2007இல் அங்கே மாவுப்பூச்சி விழுந்தபோது வண்டுகளைக் கொண்டுபோய் விட்டேன். மரங்கள் சுத்தமாயின. அக்கா பை நிறையக் கொய்யா கொடுத்தார். ஆனால் இரை தீர்ந்ததும் வண்டுகளைக் காணவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த உயிர் நம் மாவட்டத்தில் பரவாமல் பட்டினியில் சாவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுவருஷம் மாவுப்பூச்சி அப்பிய பரங்கிக் கீற்றுகளைக் கொண்டுபோய், அக்கா இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளைகளில் தேய்த்தேன். கூடவே வண்டுகளையும் விட்டேன். பரங்கிப்பேட்டைப் பக்கமும் இரண்டொரு தோப்புகளில் செய்தேன். குமட்டிக்கொண்டுதான் செய்தேன். கெடுதல் என்று நினைக்கவில்லை, இரை வைத்தேன்.

வண்டின் புழுவும் வெள்ளை நூல் போர்த்தி, பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும், சற்றுப் பெரிதாக. அது அக்காவுக்குத் தெரியாது.

"போன வருஷத்தவிட ஜாஸ்தியா இருக்குது தம்பி. பெருசு பெருசா வேற ஓடுது. நானே தேச்சித் தேச்சிக் கொல்றேன்" என்று விரல்களைக் காட்டினார். அவர் தந்த தண்ணீரை நான் குடிக்கவில்லை.

"மருந்து அடிச்சிரட்டுமா? காய் பூரா போச்சின்னா நானும் போயிருவேன்."

பெரியவை வண்டின் புழுக்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இந்த வருஷம் யாரும் விடாத வண்டு எப்படி வந்தது, பூச்சி எப்படி வந்தது என்று கேட்பார்.

"ஒங்க இஷ்டங்க்கா" என்றேன்.

கூலிக்கு ஆள் வைக்காமல், முகத்தில் துணிகூடக் கட்டாமல், உச்சிவெயிலில் அவரே தெளித்திருக்கிறார். மரத்தடியில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்துத் தோப்புச் சிங்காரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். உயிர் நிற்கவில்லை.

பூச்சியைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அக்காவை வீட்டில் கிடத்தியிருந்தபோது நான் தோப்புக்குப் போனேன். வண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அத்தனையையும் கொன்றது அக்காதான். அதற்காக நான் இதுவரை யாரிடமும் புகார் சொன்னதில்லை.