மூணு தடவ நின்ன லைன்

— நாளைக்குக் காலைல என் ப்ரோகிராம அழிச்சிட்டு பழசையே ஏத்தப் போறாங்கப்பா. மேனேஜர் சொல்ட்டாரு.

— யாரு, இராமதாஸ் சாரா? கவிநிலா எழுதுனத அழிக்கவா? எம்பொண்ணு எழுதுனது, சும்மாவா?

— இந்த வாரம் மூணு தடவ லைன் நின்னுடுச்சு. ஷாம்பு பாட்டிலு பாதி ரொம்பினதோட அப்படியே நிக்குது. என் மேலதான் பழி.

— மிஷின்னா ஒரு நேரம் மக்கர் பண்ணாதா?

— அது தானா எதுவும் பண்ணாதுப்பா. பி.எல்.சி.ன்றது ஒரு பெட்டி. பாட்டில் வந்துச்சுன்னு சென்சார் சொன்னா வால்வ தொறக்கும், ரொம்பிடுச்சுன்னா மூடும். இது நடந்தா அத செய்யின்னு வரிசையா எழுதி வச்சிருக்கேன். அவ்ளோதான்.

— அவ்ளோதானா? பிள்ளைச்சாவடிலேர்ந்து வெயில்ல சைக்கிள் மிதிச்சிப் போயி படிச்சியே, அது? கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் காத்தவராயன் பொண்ணு உள்ள மொத்த லைனையும் ஆட்டி வைக்குது. சும்மாவா?

— கேளுப்பா. ஏன் நின்னுச்சுன்னு அதுவே குறிச்சி வச்சுக்கும். கிளம்பறப்பதான் போன்ல ஏத்திக்கினேன். இரு, பாக்கறேன். அட, மூணு தடவையும் ஒரே காரணம். பேனல் கதவு, அதான் அந்த பி.எல்.சி. பெட்டி இருக்கிற அலமாரிக் கதவு, தொறந்திருக்கு.

— கதவு தொறந்தா லைனு நிக்குமா?

— உள்ள கரண்டு ஓடுதில்ல, யாரும் கை வச்சிடக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதினேன்.

— அப்ப நீ எழுதுனது ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்கு.

— ஆமாப்பா. ஆனா பேனல் ரூமு லைன் ஓடுற எடத்துலேர்ந்து சுவத்துக்கு அந்தாண்ட இருக்கு. அங்க யாருமே போறதில்லியே.

— எப்ப எப்ப தொறந்துச்சாம்?

— திங்கக்கெழம பத்து இருவது.

— லாரி கலியபெருமாளு சரக்கெடுக்க வந்தான்.

— புதன்கெழம பன்னெண்டு அம்பது.

— கேண்டீன் செல்வாம்பா எனக்கு சோறு எடுத்தாந்த நேரம்.

— நேத்து நாலு மணி.

— குருசுக்குப்பத்து சிநேகிதரு க்சாவியே. பிரான்சுலேர்ந்து லீவுல வந்தவரு, என்னப் பாக்க கேட்டாண்ட வந்தாரு. 'த்ரே பியேன்', ரொம்ப நல்லாருக்குன்னு பிரெஞ்சுல கூட சொன்னாரு.

— எத பாத்துப்பா சொன்னாரு? பேனல் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?

— எங்கிட்டதாம்மா. காலைல இராமதாஸ் சார்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், என் வேல போனா போவட்டும். எம்பொண்ணு எழுதுனது இதுக்குள்ளதான் ஓடுதுன்னு மூணு பேருக்கும் கதவத் தொறந்து காட்டுனது நான்தான்.