கல் வீட்டின் நிலவறை

பீர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சார். கல்கத்தா வெயிலில் அப்படியொரு வீடு அமைவது அதிர்ஷ்டம்தான். கார்டன் ரீச்சில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கல் வீட்டில் சித்திரை மாதத்திலும் வெறுங்காலோடு நடந்தால் உடம்பு சிலிர்க்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கப்பல் வியாபாரி படகு படகாகக் கல் கொண்டுவந்து கட்டியதாம். சுற்றிலும் எல்லாம் செங்கல் வீடுதான்.

என் பெயர் சிதம்பரம். ரயில்வே ஆபீசுக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். நானும் என் மனைவி அன்னமும் நடத்திவந்தோம். குழந்தைகள் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு, இந்தப் புழுக்கத்துக்கு ஒரு பீர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பார்கள். வருஷக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல் வீட்டுக்காரர் ஹேமேந்திர பாபு. மனைவி போனபின் மாடியில் தனியாக இருந்தார். சாப்பாடு எங்கள் கடையில். அன்னம் அவரைக் காக்காபாபு என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் சித்தப்பா என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்த்தளத்தையும் நிலவறையையும் எனக்கு வாடகைக்கு விட்டார். நிலவறையில் பீர் காய்ச்சி மேலே உட்காரவைத்து விற்கலாம் என்று நான் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

"முதல் கிளாஸ் எனக்குத்தான், சிதம்பரம்."

அந்த வீட்டை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். யாரோ புத்திகெட்டவன் கல்லுக்கு மேல் சுண்ணாம்பு பூசியிருந்தான். அதை நானே சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு கல்லையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். அன்னம் டைபாய்டில் படுத்திருந்தபோதும் அங்கேதான் இருந்தேன். பாதியில் விட்டால் சுவர் திட்டுத்திட்டாகப் போய்விடும்.

காய்ச்சுவதற்கு பெங்களூர் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வாஞ்சிநாதனை வரவழைத்தேன். உரிமம் கைக்கு வருவதற்குள் பதம் பார்த்துவிடலாம் என்று நிலவறையில் தொட்டிகளை நிரப்பினோம். பீர் நுரைத்துப் பொங்கும்போது ஒரு காற்று வரும், சார். கண்ணுக்குத் தெரியாது. கனமானது, தரையோடு தங்கிவிடும். அதை வெளியே இழுக்க மின்விசிறி ஒன்றைச் சுவரில் வைக்கச் சொன்னவன் வாஞ்சிநாதன்தான். லோட் ஷெட்டிங் வந்து கரண்ட் போனால் ஒருவரும் கீழே இறங்கக் கூடாது, இறங்கியே தீரவேண்டுமென்றால் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், அணைந்தால் உள்ளே போகிறவனும் அணைந்துவிடுவான் என்று சொல்லியிருந்தான். பொறுப்பான பையன். நீங்கள் அவனைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருப்பது நியாயமில்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் திறப்பதாக இருந்தோம். அப்போதுதான் ஹேமேந்திர பாபு ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோபப்படாதே, சிதம்பரம். என் முழங்காலுக்கு இந்த மாடிப்படி ஒத்துவரவில்லை. பெஹாலாவில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்திருக்கிறேன். வீட்டை ஒருவர் கேட்கிறார்."

"அவர் வீட்டை என்ன செய்வார், பாபு?"

"இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுவார். உனக்குக் கீழே ஒரு கடை தரச் சொல்கிறேன்."

சிமெண்ட் கடை. அவர் கெட்டவர் இல்லை. தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பிறகு வீடு லக்னோவில் இருக்கும் அவருடைய தங்கைக்குப் போகும். அந்த அம்மாள் அந்த வீட்டில் பிறந்தவர். இடிக்க ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். ஆகவே பத்திரம் பதிவாவதற்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

வாஞ்சிநாதன் பீருக்கான மால்ட் தானிய மூட்டைகளை எடுக்க சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போயிருந்த அன்று, மத்தியானம் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினேன். பாதிப் படி தாண்டியதும் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. ஒரு காரியத்தைச் சந்தேகத்தோடு செய்வது என் வழக்கமில்லை.

மாடிக்குப் போய், பீர் பதமாகிவிட்டது, முதல் கிளாஸை நீங்களே வந்து பிடித்துக் குடிக்க வேண்டும் என்றேன். முழங்கால் வலியோடு இறங்கி வந்தார். கையில் டார்ச் லைட் கொடுத்தேன். விளக்குக் கொடுத்தால் அணைந்து, தெரிந்துபோகும். என் தோளைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த நேரத்தில், அவர் கடைக்குச் சாப்பிட வரவில்லையே என்று அன்னம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிட்டாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அன்று அவருக்குச் சாப்பாடு தேவைப்படாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"காக்காபாபு எங்கேங்க?"

"கீழே. பீர் பார்க்கணும்னார்."

"கரண்டு இல்லாத நேரத்துல அவரை ஏன் கீழ அனுப்புனீங்க? இறங்கக் கூடாதுன்னு வாஞ்சி சொன்னான்ல?"

நான் பதில் சொல்வதற்குள் கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அன்னம் கேரியரை வைத்துவிட்டு ஓடினாள். "காக்காபாபு, காக்காபாபு" என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினாள்.

அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், அந்தக் கிழவரைத் தெரிந்தே அனுப்பினேன் என்பது அவளுக்கு உறுதியாகிவிடும். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அதனால் படிக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு தடவை இருமினாள். பிறகு சத்தமில்லை.

ஊரில் எல்லோரும் லோட் ஷெட்டிங்கைத்தான் திட்டினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் சும்மா இருந்திருப்பேன், சார். ஆனால் நேற்று உங்கள் ஆட்கள் நிலவறையைப் பூட்டி, ஆளைக் கொல்லும் இடம் என்று கதவில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கார்ப்பரேஷன்காரர்கள் வந்து அளக்கிறார்கள், இடிக்க வேண்டும் என்கிறார்கள். அதைப் பார்த்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வீடு யாரையும் கொல்லவில்லை.

ஹேமேந்திர பாபுவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்த வேண்டும். அன்னத்தை நான் ஒன்றும் செய்யவில்லை, சார். கூப்பிடாமல் இருந்தேன், அவ்வளவுதான்.