ஏலம் போன எலுமிச்சம்பழம்

கூலாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் ரயிலில் எதிரே இருந்தவர் தன் பக்கத்திலிருந்தவரிடம் உரக்கக் கேட்டார். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"முருகன் வேல்ல குத்தின எலுமிச்சம்பழத்தையா சர்பத்துல பிழிஞ்சீங்க?"

பக்கத்திலிருந்தவர் தமிழர் சங்கத்துச் செயலாளர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"நான் என்னத்தண்ணே கண்டேன்? நம்ம ரப்பர் தோட்டத்துல பிரசவக் கொட்டகை கட்டறதுக்காகத் தைப்பூசத்தன்னிக்கு அந்தப் பழத்த ஏலம் விட்டோம். பால்மரம் சீவுற முனியம்மா எடுத்துச்சு. ரொம்ப வருசமா புள்ள இல்ல. அந்தப் பழத்தத் தின்னா பொறக்கும்னு நம்பிக்கை."

"அப்புறம்?"

"தட்டுல வச்சிட்டு விளக்கேத்தப் போச்சு. அந்த நேரம் பாத்து துரையும் துரையம்மாவும் வந்துட்டாங்க. அவசரத்துல கையில கெடச்சதப் பிழிஞ்சுட்டேன்லா."

"அலமாக்! யாரு குடிச்சா?"

"துரையம்மா."

"அவங்களுக்கு ஏதும் விசேஷமா?"

"இப்ப ஆறு மாசம். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்குவாங்களாம்."

"முனியம்மா?"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிரசவக் கொட்டகையக் கூட்டிப் பெருக்குற வேலைய அதுக்குத்தான் குடுத்திருக்கோம்."