பௌர்ணமிதோறும் திறப்பு விழா

மேடையில் அமர்ந்திருக்கும் மண்டல மேலாளர் இளஞ்செழியன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மெஹ்ருன்னிசா மேடத்தின் கணவர் சர்தார் பாய் அவர்களே, கைக்கடக்கம் மலிவு அங்காடியின் கிளை மேலாளர்களே, இந்தக் குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் பெண்களின் தலைவி எல்லம்மாள் அவர்களே, சோப்புப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நிற்பதால் முகம் தெரியாத லாரி ஓட்டுநர்களே, உங்கள் எல்லோருக்கும் அடி அண்ணாமலைக் கிளை மேலாளர் மாறனின் வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் நாளைக் காலை கீழ்பென்னாத்தூர் கிளைக்கு விற்பனைக்குப் போக வேண்டியவை. துக்கத்தில் கை சும்மா இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் காலில் கட்டியிருக்கும் விலைச்சீட்டைத் திருகாதீர்கள். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று சிலர் முறைக்கிறீர்கள். நான் சொல்லாவிட்டால், இந்தக் குடோனிலிருந்து நம் கிளைகளுக்கெல்லாம் சரக்குப் பிரித்து அனுப்பிய மெஹ்ருன்னிசா மேடம் சொல்லியிருப்பார். அவர் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்துக்கு நாற்காலியே வெளியே வந்திருக்காது. நின்றுகொண்டே அழச் சொல்லியிருப்பார்.

படத்துக்கு மாலை போடும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை என்று சர்தார் பாய் சொன்னார். அதனால் இங்கே படமும் இல்லை, மாலையும் இல்லை. அதுவும் மேடத்துக்குப் பொருத்தம்தான். ரெண்டு நாள் தாங்காத சரக்கைக் குடோனுக்குள் ஏற்றக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

என்னை எதற்காகப் பேச அழைத்தார்கள்? மற்ற மேலாளர்கள் பேசினால் நடுவில் அழுதுவிடுவார்களாம். இவன் வாயாடி, இவனுக்கு அந்தச் சங்கடம் வராது என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் நிறுவனத்தின் மதிப்பீடுகள் எப்போது சரியாக இருந்திருக்கின்றன, இது சரியாக இருப்பதற்கு?

நண்பர்களே, கடை திறந்ததும் நமக்கெல்லாம் ஒரு போன் வருமே, நினைவிருக்கிறதா? நினைவிருக்கிறதா என்று கேட்பதே தப்பு. மறந்தால்தானே. வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. எடுத்தவுடன் ஒரே கேள்வி: “இன்னைக்கு என்ன இல்ல?”

என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. இருக்கிறதைக் கம்ப்யூட்டர் சொல்லும். இல்லாததைக் கடையில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு இல்லை என்றதும் திரும்பிப் போகிற ஆளின் முகம் எந்தக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் வாங்கலாமே என்று நான் மிடுக்காகச் சொன்னேன்: “எல்லாம் இருக்கு மேடம்.” போன் வைக்கப்பட்டது. பாராட்டு மெயில் வரும் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். மெயில் வரவில்லை, லோடு வண்டி வந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து மேடம் இறங்கினார். அடுக்கு அடுக்காக நடந்தார். கொசுவத்தி இருக்கும் இடத்தில் ஊதுவத்தியைப் பரப்பி ஓட்டையை அடைத்திருந்தேன். அந்த இடத்தில் நின்றார்.

“எல்லாம் இருக்குன்னு சொல்ற கடை ரெண்டே மாதிரிதான் மாறன். ஒண்ணு, யாருமே வராத கடை. இன்னொண்ணு, மேனேஜர் பாக்காத கடை. உங்களது எது?”

அன்றிலிருந்து நான் இல்லாததைச் சொல்லப் பழகினேன். பழகினேன் என்றால் அளவுக்கு மீறிப் பழகினேன். தேவையைப்போல இரண்டு மடங்கு கேட்டேன். அவர் பாதியாக வெட்டினார். நான் நாலு மடங்கு கேட்டேன். கால் பங்கு வந்தது. இப்படியே நானும் ஏற்றி அவரும் இறக்கி, கடைசியில் எனக்கு என்ன வேண்டுமோ அது மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு கிளை இனியா மேடமும் இதையேதான் செய்தார். போளூர் ரோடு கிளைக்காரர் பருப்பு மூட்டையைக் கழிப்பறையில் ஒளித்து வைத்த கதை எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன்.

இன்னும் வம்புக்கு ஆசைப்பட்டு சில நாள் சீண்டுவேன். “இன்னைக்கு என்ன இல்ல?” என்பார். “நிம்மதி இல்ல மேடம்” என்பேன். கொஞ்சமும் அசையமாட்டார். “குடோன்ல இருக்கறதைக் கேளுங்க மாறன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுவார்.

அவரும் தவறு செய்தவர்தான். புகழ்கிற கூட்டத்தில் இதைச் சொல்லாவிட்டால் நாம் வேறு யாரையோ புகழ்கிறோம் என்றாகிவிடும். ஒரு பௌர்ணமிக்கு என் கடைக்கு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ரப்பர் செருப்பு வந்து இறங்கியது. கிரிவலப் பாதையில், அத்தனை பேரும் வெறுங்காலோடு நடக்கும் நாளில், செருப்பு! நானும் வாசலில் அடுக்கி வைத்தேன். நடந்து வந்தவர்கள் அதை ஏதோ பாவத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் உள்ளே வந்து எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, வலித் தைலம் வாங்கிக்கொண்டு போனார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். பிறகு, “எனக்குத்தான் அறிவு கம்மி. இது உங்களுக்கில்ல, பஸ் ஸ்டாண்டுக்கு” என்றார். அவர் யோசித்தது என்ன தெரியுமா? சுற்றி முடித்து வருகிறவர்கள் விட்ட இடத்தில் செருப்பைத் தேடுவார்கள், பாதிப் பேருக்குக் கிடைக்காது, வெறுங்காலோடு பஸ் ஏற முடியாது. சரக்கு சரி, இடம்தான் தப்பு. எல்லம்மாள் ஆட்களோடு வந்து வண்டியில் ஏற்றிப் போனார். பஸ் ஸ்டாண்டில் பொழுது விடிவதற்குள் தீர்ந்துபோனது. அதற்காக மேடம் சந்தோஷப்படவில்லை. சரியான சரக்கைத் தப்பான இடத்துக்கு அனுப்புகிறவரை நம்பி ஒரு குடோனா என்று தன்னையே திட்டிக்கொண்டாராம். எல்லம்மாள் சொன்னது.

இனி நான் பேசப்போவதை மண்டல மேலாளர் சார் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

சென்னையில் இருக்கும் நம் கம்ப்யூட்டர் போன வாரம் விற்றதைப் பார்த்து இந்த வாரத்துக்கு அனுப்பும். மற்ற ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு? பௌர்ணமிக்கு முந்தைய வாரம் பாதை ஓய்ந்துகிடக்கும். அதைப் பார்த்து அது ஒரு சிட்டிகை அனுப்பும். பௌர்ணமியன்று ஜனம் வந்து கடையைத் துடைத்துவிட்டுப் போகும். அடடா, இந்தக் கடையில் இவ்வளவு வியாபாரமா என்று அடுத்த வாரம் லாரி லாரியாக வந்து இறங்கும். அப்போது பாதையில் இருப்பது நாயும் நானும்தான்.

கூடுதலாகக் கேட்கலாமே என்றால், கம்ப்யூட்டரில் பண்டிகையைக் குறிப்பிட்டால்தான் கேட்க முடியும். அதில் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு, ரம்ஜான் உண்டு. எதுவும் வருடத்துக்கு ஒரு முறைதான். பௌர்ணமி கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டிருந்தது ஒன்றே ஒன்று: புதுக் கிளைத் திறப்பு விழா.

மேடம் என்ன செய்தார்? மாதாமாதம் என் கடையைத் திறந்தார்.

ஆமாம் நண்பர்களே. அடி அண்ணாமலைக் கிளை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் புதிதாகத் திறக்கப்பட்ட கிளை. சரக்கு தவறாமல் முன்கூட்டியே வந்தது. கூடவே சென்னையிலிருந்து பலூனும், வெட்டுவதற்கு ரிப்பனும், எனக்கு ஒரு வாழ்த்து மடலும் வந்தன. ஊதிய பலூனை நடந்து வரும் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். ரிப்பன் என் வீட்டில் கொடியாகக் கட்டியிருக்கிறது, துணி காய்கிறது. “கடை ஓடுதா, இல்ல மாசாமாசம் மூடிட்டுத் திறக்கிறீங்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

அந்தக் கோரிக்கைக்கு ஒவ்வொரு மாதமும் ஒப்புதல் கொடுத்த விரல் இந்த மேடையில்தான் இருக்கிறது. ஒரே கடை எத்தனை தடவை திறக்கும் என்று அந்த விரல் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்காக அந்த விரலுக்கு நன்றி.

சர்தார் பாய் ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். நோன்பு தொடங்கும் பிறையைப் பார்க்க இரண்டு பேரும் மாடிக்குப் போனார்களாம். பாய் துஆ முடித்துத் திரும்பினால், மேடம் விரல் மடக்கிப் பௌர்ணமிக்கு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். “நீ பிறை பாக்குறியா, ஸ்டாக் பாக்குறியா?” என்று கேட்டாராம். “ரெண்டுத்துக்கும் ஒரே நிலாதாங்க” என்றாராம் மேடம்.

போன வாரம் நெஞ்சுவலி என்று போனவர் திரும்பவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். போனை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். வராது என்று தெரியும். தெரிந்துகொண்டே நின்றேன். இனியா மேடமும் அப்படித்தான் நின்றாராம். சத்தம் குறைந்திருக்கிறதோ என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒரு சரக்கு இல்லை என்றால் சொல்லிவிடலாம். கேட்கிற ஆள் இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதோ பௌர்ணமி வருகிறது. அவர் இல்லாத முதல் பௌர்ணமி. இனிமேல் காலைப் போன் வேண்டாம், நேர விரயம், எல்லாம் சென்னையிலிருந்து நேராகவே வரும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் இன்று காலை, என் கனத்த விரலால் நாலு தடவை தப்பாகத் தட்டி, ஐந்தாம் தடவை என் கடைக்குத் திறப்பு விழா போட்டுவிட்டேன். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. இன்று மாலைக்குள் கிடைத்தால்தான் லாரி கிளம்பும். கிடைக்காவிட்டால், ராத்திரி முழுக்க நடந்து வருகிறவர்களிடம் நான் கைவிரித்து நிற்க வேண்டும். அவர் கட்டிக்காத்த கடையில், அவர் போன முதல் மாதமே. அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை சார்.

சார் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறார். யாரும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். எல்லம்மா, சிரிப்பை அடக்குங்க.

ஆகட்டும். நன்றி சார். நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

கூடியிருக்கும் எல்லோர் முன்னாலும் உறுதி சொல்கிறோம். காலைப் போன் நிற்காது. கிளை மேலாளர்கள் முறை வைத்து, நாளுக்கு ஒருவராக எல்லோரையும் கூப்பிடுவோம். நாளை என் முறை. வணக்கம் இருக்காது, சாப்பிட்டீர்களா இருக்காது. எவர் “எல்லாம் இருக்கு” என்கிறாரோ, அவர் கடை வாசலில் லோடு வண்டி நிற்கும். பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். அந்த சீட்டுக்கு நான் கொஞ்சம் ஜாஸ்தி, அது வேறு விஷயம்.

நாளை எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு, என் கடையை யார் கேட்பது? அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேடம், இன்றைக்கு என்ன இல்லை என்று யோசித்தால் நாக்கில் முதலில் ஒன்றுதான் வந்து நிற்கிறது. அதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். குடோன்ல இருக்கறதைக் கேளுங்க மாறன்.

சரி மேடம். கற்பூரம் இல்ல. வலித் தைலம் கம்மி. தண்ணி பாட்டில் நாளையோட முடிஞ்சிடும். குழந்தைங்க பிஸ்கெட்டு சுத்தமா இல்ல.

எல்லாம் இருக்குன்னு மட்டும் இனிமே சொல்லமாட்டேன் மேடம்.