கடைசி ஆட்டத்தை ஜெயிச்சவரோட வீடு

அட, பூட்ஸைக் கழட்டாதீங்க ஹேலி, அப்படியே வாங்க. இந்தத் தரை இதுவரைக்கும் நாலு கோச்சைப் பாத்தாச்சு, உங்க பூட்ஸ் பனி அதை ஒண்ணும் பண்ணிடாது. கொழந்தை தூங்குதா? தூங்கட்டும். தோள்லேர்ந்து எறக்காதீங்க, முழிச்சிக்கிட்டா உங்களை வீடு பாக்க விடாது. எட்டு மாசமா? அப்படித்தான் நெனச்சேன்.

ஐயோ, எதுக்கு நீங்க மன்னிப்பு கேக்கறீங்க? போன வாரம் வரைக்கும் ஹெரான்ஸ் புட்பால் டீமோட தலைமைக் கோச் எங்க வீட்டுக்காரரு வேட், இந்த வாரத்துலேர்ந்து உங்க வீட்டுக்காரரு. இதுல நீங்க பண்ணது என்ன இருக்கு? பேப்பர்ல போட்டோ பாத்தேன். ஹெல்மெட்டைக் கையில வெச்சிக்கிட்டு நல்லா சிரிச்சாரு. வேட்டும் மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே எடத்துல நின்னு அதே சிரிப்புதான் சிரிச்சாரு. இன்னும் அந்தப் போட்டோவை மாடிப்படியில மாட்டி வெச்சிருக்கோம், போறப்ப பாருங்க.

வாசல்ல விற்பனைக்குன்னு ஒரு போர்டு பாத்தீங்கல்ல? அது நாங்க செஞ்சது இல்ல. வந்த முதல் வருஷம், தொடர்ந்து நாலு ஆட்டம் தோத்தோம். மறுநாள் காலைல கதவைத் தெறந்தா புல்லு மேல ஆறு போர்டு. வீடு விற்பனைக்கு, வீடு விற்பனைக்குன்னு. ரசிகருங்க நட்டுட்டுப் போனது. அப்புறம் ஒவ்வொரு தோல்விக்கும் ஒண்ணு ரெண்டு வரும். நான் பிடுங்கிப் பிடுங்கி பேஸ்மென்ட்ல அடுக்கினேன். நெசமாவே விக்க வேண்டி வந்தப்ப, இருக்கறதுல நல்லதா ஒண்ண எடுத்துத் தொடச்சு நானே நட்டேன். மிச்சம் முப்பது இருக்கு. உங்களுக்கு வேணும்னா வெச்சிட்டுப் போறேன்.

சிரிங்க, பரவாயில்ல. சிரிக்கத் தெரியாதவங்க இந்த வீட்டுல ஒரு சீசன் தாங்க மாட்டாங்க.

இது சமையலறை. பிரிட்ஜை மட்டும் தெறக்காதீங்க, தலைல விழுந்துரும். பதினாலு தட்டு இருக்கு உள்ள. டூனா நூடுல்ஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கும் சீஸும், மறுபடியும் டூனா நூடுல்ஸ். அவருக்கு வேலை போயிருச்சுன்னு டிவில காலைல எட்டு மணிக்குச் சொன்னான். ஒம்பதரைக்குள்ள தெருவே தட்டும் கையுமா வந்து நின்னுச்சு. சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி குரலைத் தாழ்த்திக்கிட்டு, எங்களால ஆனதுன்னு நீட்டறாங்க. அதுல நாலஞ்சு பேரு டிசம்பர்ல ஸ்டேடியத்துல காகிதப் பையைத் தலைல மாட்டிக்கிட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தவங்க. எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? மூஞ்சிக்குத்தானே பை போட்டாங்க, கோட்டு அதே கோட்டுதானே!

உங்க பழைய டீம்லயும் அந்தப் பழக்கம் உண்டா? காலேஜ் டீம்ல இல்லையா? சரி, இங்க பழகிக்குவீங்க. டீம் மோசமா ஆடினா, இதைப் பாக்க வந்தேன்னு வெளிய தெரிஞ்சா வெக்கம்னு பையைப் போட்டுக்குவாங்க. ஆனா டிக்கெட் வாங்கி வருவாங்க. எங்க டெஸ்ஸா போன நவம்பர்ல என்கிட்ட வந்து, அம்மா எனக்கும் ஒரு பை வேணும்னு கேட்டா. ஒம்பது வயசு. அப்பாவைக் கிண்டல் பண்ணவா போறேன்னு கத்திட்டேன். இல்லம்மா, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு என்னை அடையாளம் தெரியாதுல்லன்னா. போட்டு விட்டேன். என்ன பண்றது?

வேட் நல்ல மனுஷன். அதைச் சொல்லிடறேன். கையை ஓங்கினது கிடையாது, குடி கிடையாது, வேற பொம்பளை கிடையாது. அதுக்கெல்லாம் நேரம் ஏது? வாரத்துல நாலு ராத்திரி ஆபீஸ் சோபாவுலதான் தூக்கம். உங்க வீட்டுக்காரரும் அப்படித்தானா? தலைமைக் கோச் ஆனப்புறம் அஞ்சு ராத்திரின்னு வெச்சிக்கங்க. மைதானத்துல கோச்சுங்க, அடுத்து என்ன ஆட்டம்னு எதிராளி உதட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு, அந்த ஆட்டம் எழுதின அட்டையால வாயை மூடிக்கிட்டுத்தானே பேசுவாங்க? இவரு ஹோட்டலுக்குப் போனாலும் அந்தச் சாப்பாட்டு அட்டையால வாயை மூடிக்கிட்டுத்தான் எனக்குச் சூப் போதும்னு சொல்லுவாரு. எங்க கல்யாண நாள் அன்னிக்கு என்னமோ பிரியமாச் சொன்னாரு. அட்டைக்குப் பின்னாடி சொன்னாரு. இன்னி வரைக்கும் என்னன்னு தெரியாது.

பாத்து, அந்தப் படி கொஞ்சம் உயரம். இது டெஸ்ஸா ரூம். இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கா, அவ இருந்தா உங்களை உள்ளயே விட மாட்டா. ஆமா, சுவத்துல நெறைய ஆணி. பூசிக் குடுத்துடறேன். ஆனா அந்த ஆணிங்க என்னன்னு கேட்டுக்கங்க. இது அவளுக்கு ஆறாவது வீடு. ஒம்பது வயசுக்கு ஆறு. இங்க வந்தப்ப பெட்டியைப் பிரிக்கவே மாட்டேன்னுட்டா. ரெண்டரை வருஷம், நெசமாச் சொல்றேன், ரெண்டரை வருஷம் துணி, புத்தகம் எல்லாத்தையும் அட்டைப் பெட்டிலேர்ந்தே எடுத்து அட்டைப் பெட்டிலயே வெச்சா. எதுக்கும்மா பிரிக்கணும், திருப்பிக் கட்டணுமேன்னா. போன அக்டோபர்லதான், பக்கத்து வீட்டு ரமோனா இவளுக்குச் சிநேகிதியாகி, ஒரு சனிக்கிழமை ரெண்டு பேருமா சுத்தியலைத் தூக்கிட்டு வந்து படமா மாட்டித் தள்ளினாங்க. காலிப் பெட்டியெல்லாம் மடிச்சு அவளே குப்பைல போட்டா. நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

அந்த அக்டோபர்ல டீம் ஏழு ஆட்டம் ஆடி ஏழும் தோத்திருந்துச்சு.

ம். கடைசி ஆட்டத்தைப் பத்திக் கேக்கணும்னு உங்களுக்கு இருக்கும். கேளுங்க. ஊரே கேக்குது.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு லூதர் கெட்டரிங் எங்களைக் கூப்பிட்டிருந்தாரு. உங்க புது மொதலாளிதான். டீம் மொத்தமும் அவருதுதானே. டெஸ்ஸா தலையைத் தடவிக் குடுத்து, இந்த ஊரு பள்ளிக்கூடம் புடிச்சிருக்கான்னு கேட்டாரு. ரொம்பன்னா. அப்படின்னா அடுத்த வருஷமும் இங்கயே படிக்கட்டுமேன்னாரு. அப்புறம் வேட்டைப் பாத்து, அந்தப் பெரிய காலேஜ்ல பந்தெறியற பையன் இருக்கானே, அவன் நம்ம கைக்கு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னாரு. அவ்ளோதான். தோத்துடுன்னு சொல்லவே இல்ல. பணக்காரங்க எதையும் சொல்லவே மாட்டாங்க. எல்லாருக்கும் கடைசியா வர்ற டீமுக்குத்தானே காலேஜ் பசங்கள்ல மொதல்ல ஆள் எடுக்கற உரிமை? நாங்க அந்த சீசன்ல அதுவரைக்கும் ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. கடைசி ஆட்டத்தையும் தோத்தா அந்தப் பையன் எங்களுக்கு. வேட்டுக்கு வேலை. டெஸ்ஸாவுக்கு ஆணி.

மூணு வருஷமா எந்தச் சிரமமும் இல்லாமச் செஞ்ச ஒரு காரியம். இன்னும் ஒரே ஒரு தடவை செய்யணும். இந்த மனுஷனால முடியல!

கேளுங்க. கடைசி நாலு நொடி. நாங்க ரெண்டு பாயிண்ட் பின்னாடி. கோடு ஆறு கஜத்துல. ஒரு உதை உதைச்சா மூணு பாயிண்ட், டெஸ்ஸாகூட உதைப்பா. உதைச்சா ஜெயிச்சிடுவோமே, அதனால இவரு உதைக்கலை. ஆனா தோக்கறதுக்குன்னே பண்ற மாதிரியும் தெரியக் கூடாதுல்ல? அதுக்கு இவருகிட்ட ஒரு ஆட்டம் இருந்துச்சு. பெனின்னு நூத்தி அம்பது கிலோ ஆளு, எதிராளியைத் தடுத்து நிக்கறதுதான் அவன் வேலை. திடீர்னு அவன்கிட்டயே பந்தை எறியறது. நாங்க கல்யாணமான புதுசுல கைதொடைக்கற பேப்பர்ல வரைஞ்ச ஆட்டம் அது. மூணு வருஷத்துல ஒம்பது தடவை பண்ணி ஒம்பது தடவையும் வெளங்கல. ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அதனால அதையே ஆடச் சொல்லிட்டாரு.

எதிர் டீம் அடுத்த சுத்துக்கு எப்பவோ போயாச்சு. பெரிய ஆளுங்களுக்கெல்லாம் ஓய்வு குடுத்துட்டு, புதுப் பசங்களை எறக்கியிருந்தான். அந்தப் பசங்களுக்கு எங்க ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, பாவம். பெனியை எவனும் பாக்கவே இல்ல. பந்து நேரா அவன் வயித்துல போய் ஒக்காந்துச்சு. அவன் பயந்து போய் அதைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அப்படியே கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். ஆறு பாயிண்ட். பதினோரு வருஷமா ஆடறான், பந்தைக் கையில புடிச்சது அன்னிக்குத்தான். யாரு கேட்டும் குடுக்கலை, கட்டிப் புடிச்சு அழுதான்.

அந்தக் காலேஜ் பையன் போச்சேன்னு ஸ்டேடியமே திட்டிச்சு. நாப்பதாயிரம் பேரு. ஜெயிச்சதுக்காகத் திட்டு வாங்கின கோச்சு எங்க வீட்டுக்காரரு ஒருத்தராத்தான் இருப்பாரு. பேப்பர்க்காரன் மட்டும், மூணு வருஷத்துல இவர் எடுத்த ஒரே துணிச்சலான முடிவுன்னு எழுதினான்.

நான் டெஸ்ஸாவைப் பாத்தேன். அவ தலைல இருந்த பையைக் கழட்டிட்டுப் புள்ளிப் பலகையைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, அப்ப நாம எப்பம்மா கெளம்பணும்னா.

திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு போன் வந்துச்சு.

இல்ல ஹேலி, பொய் சொல்லல அவரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என் கையைப் புடிச்சிக்கிட்டு, தோக்கத்தான் பாத்தேன் லோரீன், உங்க ரெண்டு பேருக்காகத்தான்னாரு. அட்டை இல்லாமச் சொன்னாரு. நம்பறேன். ஆனா பெனி விழுந்த நிமிஷம் நான் இவரையும் பாத்தேனே. துள்ளினாரு. காதுல மாட்டியிருந்த மைக்கெல்லாம் எகிறிப் போக, ரெண்டு கையையும் தூக்கிட்டுத் துள்ளினாரு. நாப்பத்தேழு வயசு. எங்க கல்யாணத்துல, டெஸ்ஸா பொறந்தப்ப, எப்பவுமே அந்த மூஞ்சியை நான் பாத்தது கெடையாது. அந்த மனுஷன்கிட்ட போய் என்னன்னு கோவிச்சுக்கறது, சொல்லுங்க? மழை பேஞ்சா மழைகிட்ட சண்டைக்குப் போவோமா?

புளோரிடால ஒரு காலேஜ்ல துணைக் கோச் வேலை கெடச்சிருச்சு. வியாழக்கிழமை போறாரு. அங்க பனி கிடையாதாம். அந்த டீம் போன வருஷம் ஒண்ணுகூட ஜெயிக்கலையாம், கண்ணு மின்னச் சொல்றாரு.

பின்பக்கமா வாங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. இந்தக் கராஜ் மேல ஒரு ரூம். முன்னாடி இருந்த கோச்சோட மாமியாருக்குன்னு கட்டினது. பாத்ரூம் இருக்கு, சின்னதா அடுப்பு இருக்கு, தனி வாசல். நீங்க இதைப் பெருசா எதுக்கும் பயன்படுத்தப் போறதில்லன்னா ஒண்ணு கேக்கலாமேன்னு. எட்டு மாசக் கொழந்தையை வெச்சிக்கிட்டு, அவரும் ஆபீஸ் சோபாவுல தூங்கறப்ப, கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆளு இருந்தா உங்களுக்கும் நல்லதுதானே? நானும் டெஸ்ஸாவும் ரெண்டே பேருதான் இருப்போம். சத்தமே கேக்காது. பள்ளிக்கூடம் இங்கேர்ந்து நடக்கற தூரம்.

இல்ல, வேட்டுக்கு இன்னும் தெரியாது. நீங்க சரின்னா, இன்னிக்குச் சாப்பிடறப்ப அவருகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்.